சுபத்ரா மதினிக்குப் போன பொம்மைப் படம்

மல்லாங்கிணறு,
ஐப்பசி 14.

அன்பு மகன் நவநீதகிருஷ்ணனுக்கு அம்மா எழுதுவது. கனடாக் குளிரில் நீ சௌகரியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு முட்டுவலி அப்படியே இருக்கிறது, மழை பிடித்துக்கொண்டதால் கடையில் ஈ ஓட்டுகிறார். வாட்ஸ்அப்பில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். இனிமேல் உனக்கு என் குரல் கிடையாது சாமி, அதனால்தான்.

போன புதன்கிழமை உன் தங்கச்சி கிருஷ்ணப்ரியாவுக்கு ஏழாம் மாத வளைகாப்புப் போட்டு, பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டிவர நரிக்குடிக்கு வேன் பிடித்துப் போனோம். ஏழு வகைச் சோறு கிண்டி, வளையல் பூ பழமெல்லாம் தட்டில் அடுக்கி எவ்வளவு ஆசையாகப் போனேன் தெரியுமா. அவள் மாமியார் சுபத்ரா மதினி எப்போதும் வாசலுக்கே வந்து கையைப் பிடிப்பவர், அன்றைக்கு வா என்றுகூடச் சொல்லாமல் செல்போனை என் கையில் கொடுத்தார். பார்த்தால் நீ கம்ப்யூட்டரில் செய்து நெட்டில் போட்ட பொம்மைப் படம். இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஒரு மாமியார் பொம்மை, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம் மதினி, ஒங்க பிள்ளைக்கு நீங்க செய்யிறதச் செய்ங்க" என்று இழுத்துப் பேசுகிறது, கீழே "இதன் அர்த்தம்: பீரோ எங்கே, கட்டில் எங்கே" என்று எழுத்து ஓடுகிறது. "பிள்ள மெலிஞ்சு போயிருக்கா" என்கிறது, கீழே "நெய் எங்கே" என்று வருகிறது. அடப்பாவி, அது அத்தனையும் என் குரல்! நான் உனக்கு அனுப்பிய வாய்ஸை அப்படியே எடுத்துக் கொஞ்சம் கீச்சென்று ஆக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாயாக்கும். வீரசோழன் பஸ்ஸில் யாரோ பார்த்துச் சிரித்து, நரிக்குடிக் கடைத்தெருவே பார்த்து, கடைசியில் அவர் கைக்கு வந்திருக்கிறது.

அந்தத் தூரத்தில் ஒண்டியாய் இருக்கிறானே, சிரிக்கட்டும் என்றுதான் மதினி மாதிரி பேசிக் காட்டினேன், நீ சிரிப்பாய், எனக்கும் சந்தோஷம். அதை ஊருக்குப் போடச் சொன்னேனா? பெரிய படிப்புப் படித்தவன்தானே நீ, இது தெரியாதா. அவர் பீரோ வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் அவருக்கும் கேவலம், எங்களுக்கும் கேவலம். பிள்ளை மெலிந்திருக்கிறாள் என்பார், நான் நெய் கொடுத்தனுப்புவேன், எதுக்கு மதினி இதெல்லாம் என்று வாங்கி வைத்துக்கொள்வார், யாருக்கும் தலைகுனிவு இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துதான் மூன்று வருஷமாகச் சம்பந்தம் கொண்டாடினோம். நீ கீழே எழுத்துப் போட்டு எல்லாவற்றையும் நாறடித்துவிட்டாய்.

மதினி குரலை உயர்த்தவில்லை. "நான் ஒண்ணு சொன்னா நீங்க அதுக்குக் கீழ ஒண்ணு எழுதுவீக. அதனால பொட்டுல அடிச்ச மாதிரி சொல்லிப்புடுறேன். ஒங்க பிள்ளைய அனுப்ப மாட்டேன், பிரசவம் இங்கனதான்" என்றார். மாப்பிள்ளை ஜெயக்குமார் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "வளையலையாவது போட்டுக்கிறட்டும் தாயி" என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார், அதற்கு மட்டும் சரி என்றார்கள். ஒருவரும் சோற்றைத் தொடவில்லை. பானையோடு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம். தலைப்பிரசவத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவர முடியாத வீடு என்று ஊரார் என்னைச் சொல்லும்படி வைத்துவிட்டாய்.

சொன்னால் நீ விளையாட்டுக்குத்தானேம்மா என்று எழுதி வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு பொம்மை அனுப்புகிறாய். அவருக்கும் அதையே அனுப்பியிருக்கிறாய், "இது மன்னிப்பா, இல்ல ஆள விடுங்கன்னு அர்த்தமா" என்று மதினி கேட்டாராம்.

கிருஷ்ணப்ரியா முன்பெல்லாம் போன் போட்டால் அரை மணி நேரம் பேசுவாள். இப்போது சாப்பிட்டாயா தாயீ என்றால் சாப்பிட்டேன், கால் வீங்கியிருக்கிறதா என்றால் இல்லை, அவ்வளவுதான். நேற்று விடாமல் கேட்டேன். "ஒங்கிட்டச் சொன்னா அது எங்கெங்க போகும்னு தெரியலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரி பெற்ற தாயிடம் பேசப் பயப்படுகிறாளடா. உன்னை மட்டும் சொல்லி என்ன, பேசிக் காட்டியவள் நான்தானே, என் வாயைத் தைக்க வேண்டும்.

கோபத்தில் எழுதினாலும் என் ஆசீர்வாதம் உனக்கு என்றைக்கும் உண்டு, நோய் நொடியில்லாமல் நன்றாயிரு, நேரத்துக்குச் சாப்பிடு. படத்தை எடுத்துவிட்டேன் என்கிறாய், ஊரார் போனில் இருப்பதை எப்படி எடுப்பாய். மார்கழிக் கடைசியில் பிரசவம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் மதினிக்குப் போன் போட்டு, அத்தை என்று உன் வாயால் கூப்பிட்டு மன்னிப்புக் கேள். அவர் திட்டுவார், திட்டட்டும். அதை ரெக்கார்டு மட்டும் பண்ணிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. முத்துமாரியம்மாள்