ஜானகிராமன் போட்டோவைப் பெரிதாகப் போடு

வெள்ளேரிப்பாக்கம்,
திருக்கழுக்குன்றம் வழி,
20.9.2009

அன்பு மகள் ரேணுகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், செவலைப் பசு சுகம், உன் அறுப்பு மெஷின் பரமசுகம். ஊரில் சுகமில்லாமல் இருப்பவன் ஜானகிராமன் ஒருத்தன்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அந்தக் குளிர் தேசத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, அதெல்லாம் எதுக்கு இப்ப என்று வாயை அடைக்கிறார். அதனால் அவர் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

மறந்துவிடும்மா என்று போன மாதம் சொன்னாய். எப்படி மறப்பது? இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பு. ஆட்களெல்லாம் நாவலூர், சிறுசேரி என்று கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள், ஊரில் இருந்த ஒரே அறுப்பு மெஷின் ஜானகிராமனுடையது. அவன் பையனைக் கட்டிக்கொள்ள மாட்டேன், மேலே படிக்கப் போகிறேன் என்று நீ ஜெர்மனிக்குக் கிளம்பியதில் அவனுக்குக் கறுவல். இன்றைக்கு வருகிறது நாளைக்கு வருகிறது என்று ஒன்பது நாள் இழுத்தான், நம் கழனியைத் தாண்டி அடுத்த ஊருக்கு மெஷினை ஓட்டிக்கொண்டு போனான். பத்தாம் நாள் மழை கொட்டியது. கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்து முளைத்தே விட்டது, அறுக்க வேண்டிய கழனி நாற்றங்கால் மாதிரி பச்சையாக நின்றது. ஏம்பா இப்படிச் செய்தாய் என்று அப்பா டீக்கடையில் போய்க் கேட்டதற்கு, "உன் பொண்ணுதான் ஜெர்மனில கீதே, ஒரு மெஷின் அனுப்பச் சொல்லேன்" என்று சிரித்தான். அவன் மட்டும் சிரித்திருந்தால் பரவாயில்லை, பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அப்பா அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை, டீ வேண்டுமென்றால் என்னைத்தான் போடச் சொல்கிறார். அந்தச் சிரிப்பு என் வயிற்றில் இன்னும் எரிகிறது ரேணு, அதை அணைத்துவிடு என்று நீ சொல்லாதே.

நீயும் என் வயிற்றில் பிறந்தவள்தானே, சும்மா இருந்தாயா? யாரோ வெள்ளைக்காரர்கள் மெஷினுக்குப் படம் வரைந்து, யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது எனக்கு நம்பிக்கை இல்லை. ஆடி மாதம் கூழ் ஊற்ற நாம் வீட்டுக்கு வீடு வசூல் செய்வோமே, அதை நீ ஊர் ஊராக, தேசம் தேசமாகச் செய்தாய். முகம் தெரியாத நூற்று நாற்பத்து மூன்று பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். நம் மகளிர் குழு பேரில் தாவீது தன் வெல்டிங் பட்டறையில் படத்தை ஒட்டிவைத்துக்கொண்டு மெஷினைச் செய்து முடித்தான். முதல் நாளே அது சேற்றில் உட்கார்ந்துகொண்டது, ஊர் இன்னொரு தரம் சிரித்தது. ரப்பர் சக்கரத்தைக் கழற்றி டில்லருக்குப் போடுகிற இரும்புக் கூண்டுச் சக்கரம், அந்தக் கேஜ் வீலைப் போடு என்று நான்தான் தாவீதிடம் சொன்னேன். அந்த அளவை நீ படத்திலும் சேர்த்து, கீழே பார்வதம் என்று என் பேரையும் போட்டிருக்கிறாயாமே. சந்தோஷம். ஆனால் யாருக்கும் மெஷினை இல்லை என்று சொல்லக் கூடாது, வந்த வரிசைப்படிதான் தர வேண்டும், எடுத்தவர் மெஷினோடு நின்று போட்டோ கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டாய் பார், அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கூழுக்குச் சொம்பு நீட்டினவனைத் திருப்பி அனுப்பக் கூடாதும்மா, நீதானே சொல்லுவே என்று என்னையே மடக்கினாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏரி மதகு கசிந்து ஜானகிராமனின் மதகடிக் கழனி சொதசொதவென்று கிடக்கிறது. அவனுடைய டயர் மெஷின் போன செவ்வாய் அதில் இறங்கி அச்சுவரை புதைந்துவிட்டது, இரண்டு டிராக்டர் கட்டி இழுத்து வெளியே எடுத்தார்கள். சேற்றில் புதையாத செயின் மெஷின் ஒன்றும் இந்தப் பக்கம் இல்லை, வானமோ மூடிக்கொண்டு நிற்கிறது. ஆள் அனுப்பினான். நான் இல்லை என்று சொல்லவில்லை. நோட்டில் பேர் எழுதினேன், பதினோராவது ஆள். வந்த ஆளிடம், அவசரமென்றால் படம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய் உன் முதலாளியின் மகனைச் செய்யச் சொல் என்று ஒரு காகிதத்தையும் கொடுத்தனுப்பினேன். உள்ளே வந்து தனியாகச் சிரித்தேன். மழை வரட்டும், நன்றாக வரட்டும், அவன் நெல்லும் முளைக்கட்டும் என்று மாரியம்மனையே வேண்டிக்கொண்டேன், பொய் எதற்கு?

மறுநாள் காலையில் முனியம்மா வந்து நின்றாள். "யக்கா, கழனி அவுருதுதான், வாரத்துக்குப் பயிர் வச்சது நானு. நெல்லு போனா அவுருக்கு இன்னா, என் வூட்லதான் அடுப்பு எரியாது" என்றாள். அவள் விளைச்சலில் பங்குக்கு அந்தக் கழனியில் பயிர் வைத்தது எனக்குத் தெரியாது ரேணு. வேண்டின வாயை அடித்துக்கொண்டேன். மற்றவர்கள் முறையில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை, ஆனால் அன்றைக்கு முறை நம்முடையது. அதை அவளுக்குக் கொடுத்தேன். நம் கழனியில் கால் காணி நனைந்தது, அள்ளி வந்து ரோட்டில் உலர்த்தியாயிற்று, கவலைப்படாதே.

ஆனால் முனியம்மாவுக்குக் கொடுத்தேனே தவிர ஜானகிராமனை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. கழனிக்காரர் நேரில் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டு, சேற்றில் இறங்கி, மெஷின் கைப்பிடியைப் பிடித்து போட்டோவுக்கு நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். "போட்டோ எல்லாம் எதுக்கும்மா" என்றான். "சட்டம் அண்ணாத்த, ஜெர்மனிலேர்ந்து என் பொண்ணு கேக்குது" என்றேன். முழங்கால்வரை சேறு, முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி. தாவீது தன் செல்போனில் மூன்று படம் எடுத்தான். வரப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள், எல்லாம் அன்றைக்கு டீக்கடைப் பெஞ்சில் சிரித்த அதே ஆட்கள். மூன்று மணிக்குள் அறுப்பு முடிந்தது, நாலரைக்கு மழை பிடித்துக்கொண்டது.

படங்களைத் தாவீது பிரவுசிங் சென்டரிலிருந்து உனக்கு அனுப்பியிருப்பான். மெஷினால் பயன் அடைந்தவர்கள் என்று நீ போடுகிற பக்கத்தில் ஜானகிராமனை முதலில் போடு, பேரை இனிஷியலோடு போடு. கண் மூடாத படமாகப் பார்த்துக் காலண்டர் அளவுக்குப் பிரிண்ட் எடுத்து அனுப்பு, கண்ணாடி போட நான் சொல்லி வைத்துவிட்டேன். மன்னிக்கிற மனசு வேண்டும் என்பாய், அதெல்லாம் அப்பாவிடமிருந்து நீ எடுத்துக்கொண்டாய், எனக்கு மிச்சம் வைக்கவில்லை. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, பனியில் வெறுந்தலையோடு சுற்றாதே. மாரியம்மன் துணையிருப்பாள், நீ நூறு வயசு நல்லா இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பார்வதம்

பி.கு: நேற்று இதைத் தபாலில் போடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. இன்று காலை டீ போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு அப்பா டீக்கடைப் பக்கம் நடந்தார். மணி பத்தாகிறது, இன்னும் வீடு திரும்பவில்லை.