லிஷா ஐ.பி.எஸ்.

பாறசாலை,
2 செப்டம்பர் 2024

அன்பும் அடியும் ஒருசேரப் பெறவேண்டிய அமிர்தாவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். முதல் வருடப் பிள்ளைகளின் போனைப் பிடுங்கிப் பூட்டிவைக்கும் நர்சிங் ஹாஸ்டலில் யார் நலமாக இருக்க முடியும்? ஞாயிறு சாயங்காலம் மட்டும் போன் தருவார்களாம், அதுவும் வீட்டாரோடு பேசத்தானாம். உன் அம்மா சரோஜம் மாமி சொன்னார்கள். ஆகவே பேனா எடுத்தேன். உங்கள் வார்டன் இதைப் பிரித்தால் பிரிக்கட்டும், மங்களூர்க்காரிக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தால், வணக்கம் மேடம், உங்கள் மூக்கு அழகு.

காலேஜில் சேர நாம் இருவரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டிய அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் பாத்ரூமுக்குள் போனதும், நீ தனியாக ரயிலேறியதும் நினைவிருக்கும். அந்த வியாதிக்கு இப்போது பெயர் கிடைத்துவிட்டது. ஸ்கேன், ரத்தம், சொல்லக்கூடாத இன்னொன்று எல்லாம் பரிசோதித்துவிட்டு, புண் இல்லை, கட்டி இல்லை, ஐ.பி.எஸ். என்றார் டாக்டர். எரிச்சல் பிடித்த குடலாம். சாப்பிட்டால் முறுக்கும், பயந்தால் ஓட்டும். "ஜீவனு ஆபத்தொன்னும் இல்ல மோளே. ஆகாரமும் மனசும் ஒண்ணு அடங்கினா மதி, போதும்" என்றார்.

அம்மா இதைச் சபையில் ஜெபக்குழுவை நடத்தும் சத்தியபாய் சித்தியிடம் சொன்னாள். "லிஷாவுக்கு ஐ.பி.எஸ். ஆக்கும், ஜெபிக்கணும்." சித்தி போதகரிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போதகர் பீடத்தில் நின்று, "நம் ராஜதாஸின் மகள் லிஷாவுக்கு ஐ.பி.எஸ். கிடைத்திருக்கிறது, தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றார். சபை முழுக்க ஆமென்! நான் என்ன செய்வேன்? எழுந்து நின்று ஒரு சல்யூட் அடித்தேன். சாயங்காலமே விஜயதாஸ் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார், போலீஸ் பிடித்துவைத்திருக்கும் பையனின் பைக்கை எடுத்துத் தரவேண்டுமாம்.

உன் பக்கத்துக் கட்டிலை யாருக்கும் விடாதே. கடைசித் தேதிக்குள் வாறேன்.

குற்றப்பிரிவிலிருந்து,
லிஷா ஐ.பி.எஸ்.


மங்களூர்,
9 செப்டம்பர் 2024

எடீ லிஷா,

உன் கடிதத்தை மெஸ்ஸில் வாசித்துக் காட்டினேன். பூவாரிலிருந்து வந்த நீதுவுக்குச் சிரித்துச் சிரித்துச் சாம்பார் மூக்கில் ஏறிவிட்டது. பாதிப் பேருக்குத் தமிழ் புரியாது, அவள்தான் மலையாளத்தில் சொல்லிக் கொடுத்தாள். 'லிஷா எப்ப வரும்?' என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நீ வருவதற்கு முன்பே இங்கே நீ பிரபலம்.

சேர்வதற்குக் கடைசித் தேதி அக்டோபர் ஏழு. அதற்குமேல் சீட்டு வேறு ஆளுக்குப் போகும் என்று ஆபீசில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் டீச்சரிடம் உன் பெயர் சொல்லாமல் கேட்டேன். பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். வெங்காயம், பூண்டு, கோதுமை சிலருக்கு ஆகாதாம், ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தால் எது எதிரி என்று தெரியுமாம். இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலந்து குடிக்கலாமாம். வயிறு நிறையத் தின்னாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும், நடக்க வேண்டும், மூச்சை மெதுவாக விட்டுப் பழக வேண்டும். எல்லாம் செய். செய்கிறாயா?

இங்கே எனக்கு இன்னும் தூக்கம் சரியாகவில்லை. காலியான கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

உன்
அமிர்தா


பாறசாலை,
16 செப்டம்பர் 2024

தூக்கம் கெட்ட தூதுவளையே,

இயற்கை உபாதைக்கு இயற்கை வைத்தியம் நடக்கிறது. வீடே ஆராய்ச்சிக்கூடம். காலையில் இசப்கோல், பசையைக் குடிப்பதுபோல. அப்புறம் கூவைக்கிழங்கு மாவில் கஞ்சி. கூவை குடித்துக் கூவுகிறேன். மத்தியானம் கறிவேப்பிலை அரைத்த மோர். அம்மா மோர் மோர் என்கிறாள், நான் நோ மோர் என்கிறேன். சாயங்காலம் மாதுளைத்தோல் கஷாயம், அது சத்தியபாய் சித்தியின் உபயம். ஐ.பி.எஸ்ஸைப் போலீஸாக்கிய பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறாளாம். எதிர்வீட்டு அனில் அண்ணன் புதினா எண்ணெய் மாத்திரை வாங்கி வந்தார். ஏப்பம் விட்டால் பற்பசைக் கம்பெனி மணக்கிறது.

எதிரி யார் என்றும் தெரிந்துவிட்டது. பால்சாயாவும் பூண்டும். இரண்டையும் விட்டதில் வலி நன்றாகவே குறைந்தது. உன் டீச்சருக்கு என் சல்யூட்.

ஆனால் ஒன்று. வீட்டில் இருந்தால் வயிறு ஒரு மாதிரி அடங்கியிருக்கிறது. செருப்பை மாட்டினால் போதும், உள்ளே யாரோ தவிலை எடுத்துவிடுகிறார்கள். பஸ் ஏறினால் கடைசி ஸ்டாப் வரை தாங்குமா என்ற நினைப்பிலேயே முறுக்குகிறது. நெய்யாற்றின்கரைக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கப் போனேன், அமரவிளையிலேயே இறங்கி ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டேன். நான் தினமும் பல தடவை வெளிக்குப் போகிறேன், வெளியேதான் போவதில்லை. கழிப்பறை என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று இப்போதுதான் விளங்கியது. நாளெல்லாம் அங்கேதான் கழிகிறது.

அப்பா வாசலில் நின்று கத்துகிறார். "எலே மக்கா, படிக்கப் போவதுக்கு மடியாக்கும் உனக்கு, சோம்பேறி. எனக்கும்தான் வயிறு உண்டு!" உண்டு அப்பா, நல்ல வயிறு, தொப்பையோடு உண்டு.

சிரித்தாயா? மெஸ்ஸில் வாசி. நீதுவுக்கு இந்தமுறை ரசம் ஏறட்டும்.

உன்
கஞ்சிக் கமிஷனர்


மங்களூர்,
23 செப்டம்பர் 2024

லிஷா,

உன் இந்தக் கடிதத்தை மெஸ்ஸில் வாசிக்கவில்லை.

அமரவிளையில் இறங்கிய பத்தியில் நான் நின்றுவிட்டேன். அதற்கு அடுத்த வரியில் நீ தமாஷுக்குப் போய்விட்டாய். எனக்கு உன்னைத் தெரியும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். ஒன்பதாம் கிளாசில் கை உடைந்துவிட்டது என்று மாவுக்கட்டு ஒட்டிக்கொண்டு வந்தாய், நான் அழுதேன், நீ கட்டைக் கழற்றிச் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ சொல்வதில் எது கட்டு எது கை என்று எனக்குச் சட்டெனத் தெரிவதில்லை.

ஒரே ஒரு வரி, தமாஷ் இல்லாமல் எழுது. நீ எப்படி இருக்கிறாய்? பயமாக இருக்கிறதா? நான் லீவு போட்டு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா? ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். எத்தனை தடவை எழுந்து போனாலும் ஒன்றும் கேட்கமாட்டேன்.

அமிர்தா


பாறசாலை,
30 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய சீனியர் சிஸ்டர் அவர்களே,

நீங்கள் கேட்ட ஒரு வரி: நான் வயிறாரச் சுகம்.

எஸ்கார்ட் எதற்கு? சனிக்கிழமை அம்மாவும் நானும் கிளம்புகிறோம். இங்கிருந்து பாசஞ்சரில் திருவனந்தபுரம், அங்கே மங்களூர் வண்டிக்கு மாறுகிறோம். ஞாயிறு காலை உன் ஊரில் என் பொற்பாதம் படும். கூவை மாவு ஒரு டப்பா, இசப்கோல் ஒரு டப்பா, மூச்சுப் பயிற்சி ஒரு மூக்கு, எல்லாம் பெட்டியில் ஏறிவிட்டன. மட்டிப்பழம் உனக்காக ஒரு சீப்பு.

வரவேற்பு பலமாக இருக்கட்டும். பேண்டு வாத்தியம் வேண்டாம், என் வயிற்றிலேயே உண்டு.

லிஷா


மங்களூர்,
7 அக்டோபர் 2024

லிஷாவுக்கு,

நேற்றுக் காலை வார்டனிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, நீதுவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். 'லிஷா ஐ.பி.எஸ். அவர்களே வருக' என்று சார்ட் பேப்பரில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் இறங்கிப் போனார்கள். நீ ஒளிந்திருக்கிறாய் என்று நினைத்து ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தேன். நீது "வா, போகாம்" என்று கையைப் பிடித்து இழுக்கும் வரை பார்த்தேன்.

சாயங்காலம் போன் தந்ததும் என் வீட்டுக்குக்கூடப் பேசாமல் உன் அம்மா நம்பருக்கு அடித்தேன். நீ எடுத்தாய். "ராங் நம்பர். இது ஐ.பி.எஸ். ஆபீசாக்கும். புகார் உண்டெங்கில் எழுதித் தரணும்" என்றாய். பின்னால் உன் அம்மா அழுகிற சத்தம் கேட்டது. "எடீ, என்ன ஆச்சு?" என்றேன். "கேஸ் குளோஸ்" என்று வைத்துவிட்டாய்.

புகாரை எழுதித் தருகிறேன், வாங்கிக்கொள்.

முதலில் எனக்கு ஜன்னலோர அறை கிடைத்தது. அதை விட்டுக்கொடுத்து, கழிப்பறையை ஒட்டிய அறையைக் கேட்டு வாங்கினேன். நீ வந்தால் ஓடாமல் நடந்து போகலாம் என்று. நாற்றத்தை விரும்பிக் கேட்கும் பெண் என்று எல்லோரும் சிரித்தார்கள். உன் வியாதி தமாஷ் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. நீதான் அதைத் தமாஷாகவே எனக்குத் தந்தாய், நான் கேட்ட பிறகும்.

இன்று சாயங்காலம் ஆபீஸ் மூடியதும், பிஜி என்றொரு பெண்ணை அந்தக் கட்டிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனி எழுதுவதென்றால் நீயாக எழுது. ஐ.பி.எஸ். எழுத வேண்டாம்.

அமிர்தா


பாறசாலை,
30 டிசம்பர் 2024

அமிர்தா,

உன் புகார் கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் முதல் வரியிலேயே ஏதாவது ஒரு வேடிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. கிழித்துப் போட்டேன். இப்போது வரவில்லை.

அன்று பாசஞ்சரில் கூட்டம். ஏறும்போதே வயிறு முறுக்கியது. முந்தின நாளிலிருந்து கஞ்சித்தண்ணீர் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை, மூச்சை மெதுவாக விட்டேன், எல்லாம் செய்தேன். தனுவச்சபுரம் தாண்டியதும் எழுந்து போனேன். கழிப்பறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினேன். "ஆளுண்டு" என்று ஒரு குரல். மறுபடி தட்டினேன். நின்றுகொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அதற்குமேல் என் கையில் இல்லை.

நெய்யாற்றின்கரையில் இறங்கினோம். அம்மா தன் சேலை முந்தானையை என் பின்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நம்மோடு படித்த ரதீஷ் பிளாட்பாரத்தில் நின்றான். "லிஷாயே, எங்க போஸ்டிங்?" என்று கேட்டான். நான் சல்யூட் அடித்தேன். அந்த நிலையிலும் அடித்தேன். அம்மா அதைப் பார்த்துத்தான் அழுதாள். மறுநாள் நீ போன் பண்ணியபோதும் அதற்குத்தான் அழுதுகொண்டிருந்தாள்.

இப்போது நான் எங்கும் போவதில்லை. டாக்டர் மருந்து எழுதித் தந்திருக்கிறார், மனசுக்கு ஒரு டாக்டரையும் பார்க்கச் சொன்னார். அவர் இருப்பது நகரத்தில். அதற்கும் பஸ் ஏற வேண்டும்.

நீ கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தாய். எங்கள் வீட்டுக்கும் வந்தாய், எனக்குத் தெரியும். அம்மாவும் அப்பாவும் சபைக்குப் போயிருந்தார்கள். முன்வாசலில் கூப்பிட்டாய். பிறகு கிணற்றைச் சுற்றிப் பின்பக்கம் வந்து, நான் இருந்த பாத்ரூமின் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "லிஷாயே, உள்ள உண்டா? நான் அமிர்தாவாக்கும்" என்றாய். அவ்வளவு பக்கத்தில் நின்றாய். நீ கொலுசை மாற்றியிருக்கிறாய், சத்தம் வேறு.

உண்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது வயிறு மறுபடி தொடங்கியது. அந்தச் சத்தம் உனக்குக் கேட்கக்கூடாது என்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். நீ மறுபடி ஏதோ சொன்னாய், தண்ணீரில் புரியவில்லை. வாளி நிறைந்து வழிந்தது. நான் குழாயை நிறுத்தவில்லை.

நிறுத்தியபோது வெளியே யாரும் இல்லை.

லிஷா