கவ்வாத்துக்காரன் வீட்டு ஓர்கிட்

என் பிரியத்துக்குரிய சந்தியாகு மச்சான்,

நலமா என்று எழுதப் போய் நிறுத்திக்கொண்டேன். செத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரிப்பாய். நான் நலம் என்று எழுதினால் அது பொய். அதனால் அதையும் விட்டுவிட்டேன்.

உன் காம்பரா வீடு பூட்டிக் கிடக்கிறது. நம் லயத்து வரிசையில் இப்போது மூன்று வீட்டில்தான் அடுப்பு எரிகிறது. மழை பிடித்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளைக்கு நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நீ துரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்த காலத்தில், அங்கே தூக்கிப்போட்டதை எடுத்து வந்து ஜன்னலோரம் வைத்து வளர்த்தாயே, அந்த ஓர்கிட் சட்டி என் வீட்டில்தான் இருக்கிறது. உன் அடக்கம் முடிந்து, தான் குடியிருக்கும் வத்தளைக்குத் திரும்பும்போது உன் மகள் ரோசலின்தான் கொடுத்தாள். "ஒன் கையில மட்டும் குடுக்க மாட்டேன்டா, வெட்டிப்புடுவ" என்று நீ என்னைக் கிண்டல் செய்தது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை.

மச்சான், வெட்டியே விட்டேன்.

நீ போன மூன்றாம் மாதம். பூவெல்லாம் கொட்டி, செடியின் அடியில் ஐந்து பழைய கிழங்குகள் இலையில்லாமல், காய்ந்த வெங்காயம் மாதிரிச் சுருங்கி நின்றன. முப்பத்தொரு வருஷம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவன் நான். கிளையைக் கழித்து மொட்டையாக நிறுத்தினால் குப்பென்று துளிர்க்கும், எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். ஐந்தையும் அறுத்து எறிந்துவிட்டு, சுத்தமாகத்தான் இருக்கிறது என்று திருப்தியாக டீ குடித்தேன். என்ன புத்தி இது?

முதல் வருஷ நினைவுப் பூசைக்கு வந்தபோது ரோசலின் சட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பழைய கெழங்கெல்லாம் எங்க மாமா?"

"காஞ்சு போச்சும்மா. வெட்டிட்டேன்."

"அதுலதான் மாமா அதுக்குச் சாப்பாடே இருக்கு. புதுசுக்குப் பழசுதான் ஊட்டும். அப்பா அதுல ஒண்ணக்கூட தொட விடமாட்டாரு."

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். சட்டியைத் தான் கொண்டு போவதாகச் சொன்னாள். வத்தளைச் சூட்டில் பூக்காதுதான், ஆனால் உயிராவது மிஞ்சுமாம். நீ இருந்தாய் என்பதற்கு என்னிடம் இருந்தது அந்தச் சட்டி மட்டும்தான், மச்சான். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். "இன்னும் ஒரு வருஷம் குடும்மா. அடுத்த பூசைக்குள்ள பூக்கலன்னா நானே பஸ் ஏத்தி விடுறேன்." சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துச் சரி என்றாள்.

அதன் பிறகுதான் நான் செய்த அடுத்த கூத்து தெரிய வந்தது. எனக்குக் குளிர்ந்தால் அதற்கும் குளிரும் என்று சட்டியை அடுப்படியில் வைத்திருந்தேன். "ராவையில நல்லா குளிரணும் மாமா, அப்பத்தான் பூத்தண்டு விடும்" என்றாள். வெளிச்சம் விழும் ஜன்னலுக்கு மாற்றினேன். மார்கழி தையில் ஜன்னலை ஒரு கை அகலம் திறந்தே வைத்தேன். கம்பளிக்குள் நான் கிடந்து இருமினேன், அது சுகமாகக் குளிர் வாங்கியது. மழைத் தண்ணீர் பிடித்துக் காலையில் மட்டும் ஊற்றி, அடியில் தேங்காமல் வடிய விட்டேன். வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் இலை துடைத்தேன். என் பெண்சாதிக்குக்கூட இவ்வளவு பணிவிடை செய்ததில்லை. அங்கே அவளைப் பார்த்தால் இதையும் சொல்லிவிடு.

முளை வந்தால் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். தட்டையாக இருந்தால் இலை, உருண்டையாக இருந்தால் பூ. முதல் முளை தட்டை. இரண்டாவதும் தட்டை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவதை ஒரு வாரம் தொடவே பயந்தேன். தொட்டபோது பென்சில் மாதிரி உருண்டிருந்தது. எத்தனை தடவை அமுக்கினேன் என்று கேட்காதே, நசுங்காமல் தப்பியது பெரிது.

போன செவ்வாய்க்கிழமை பூத்துவிட்டது, மச்சான். ஒரே தண்டில் ஒன்பது பூ. இளமஞ்சள், நடுவில் ரத்தச் சிவப்பு. உன் ஜன்னலில் பார்த்த அதே பூ.

உடனே ரோசலினுக்குப் போன் போட்டேன். அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மாமா, இந்த வருஷம் பூசைக்கு வர முடியாது. லீவு தரமாட்டேங்கிறாங்க, பிள்ளைக்கும் பரீட்சை. போட்டோ எடுத்து அனுப்புங்க. சட்டி இனி ஒங்களுக்குத்தான். நீங்களே வச்சுக்கங்க."

ஒரு வருஷம் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். போனை வைத்துவிட்டு, சட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இதைப் பறித்துக்கொண்டு போகவாவது ஒருத்தி வருவாள் என்று இருந்திருக்கிறேன். அவள் வருவாள் என்று பிஸ்கட்டும் மீன் டின்னும் வாங்கி வைத்திருந்தேன். இனி அதுவும் இல்லை. பூவைக் காட்ட வாசலில் வந்து நின்று பார்த்தேன். யாரைக் கூப்பிடுவது?

அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சட்டியோடு உன்னிடம் வருகிறேன். கல்லறைக்கு ஏறுகிற பாதை எனக்கு இப்போது மூச்சு வாங்கும், சட்டியும் பாரம், இரண்டு இடத்தில் இறக்கி வைத்து வருவேன், நேரமானால் கோபிக்காதே. ஒரு பூவைக்கூடக் கிள்ளி வைக்க மாட்டேன், முழுச் செடியையும் உன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பேன். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவேன். என் கால் நடக்கிற வரைக்கும், அது பூக்கிற ஒவ்வொரு வருஷமும் கொண்டு வந்து காட்டுவேன், இது சத்தியம். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம் மச்சான், பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
உன் பக்கத்துக் காம்பரா மச்சான்,
அந்தோணி