ஒற்றைக்காதன் வீடு திரும்பும் பக்கம்

அன்புள்ள மகள் ஷர்மினிக்கு, புந்தோங்கிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், என் முழங்கால் வலியும் அவளுடைய சர்க்கரையும் எங்களோடு சேர்ந்து நடமாடுகின்றன, ஜப்பானில் அந்தக் குளிர் ஊரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் மாரியம்மா பார்த்துக்கொள்ளட்டும். நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன் என்று வருத்தப்பட்டாயாம். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் அது முடியாது, அதனால் முழுக்கக் கேள். உங்கள் பொம்மைப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு வரைய இன்னும் மூன்று வருடம் கூப்பிடுகிறார்கள், இருக்கவா வரவா, அப்பா முதல் பாகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும், அவர் சொல்கிறபடி செய்கிறேன் என்றாய். பார்த்துவிட்டேன், சொல்கிறேன்.

அதற்கு முன்னால் தீபாவளிப் பார்சலில் நீ அனுப்பிய, அந்தப் படத்துக்கு மூலமான படக்கதைப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பான் எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் தமிழையும் யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, ரப்பர் தோட்டத்தில் மளிகைச் சாமான் சுற்றி வந்த காகிதத்தைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றதுதான், ஆகவே படங்களை வைத்தே கதையைப் பிடித்துவிடலாம் என்று திறந்தேன். அட்டை பின்பக்கம் இருந்தது, அச்சாபீசில் எவனோ தூக்கக் கலக்கத்தில் ஒட்டிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் ஒற்றைக் காதோடு ஒருத்தன் பிணக்குவியல் மேல் நிற்கிறான். புரட்டினால் ஒருவன் வயிற்றிலிருந்து வாளை உருவுகிறான், வயிறு மூடிக்கொள்கிறது, அவன் எழுந்து நிற்கிறான். வயலில் கிடந்த தலை கழுத்தில் போய் உட்காருகிறது. எரிகிற வீடுகளிலிருந்து சிப்பாய்கள் நெருப்பைத் தங்கள் பந்தங்களில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், மண்ணில் கிடந்த காது அவன் தலையில் ஒட்டிக்கொள்கிறது, கடைசியில் முழு முகத்தோடு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறான், தாய்க்காரி சோற்றுக் கிண்ணத்தை நீட்டுகிறாள். கொன்றவன் தான் கொன்ற எல்லாரையும் எழுப்பிவிட்டு வீட்டுக்கு வருகிறான், இப்படி ஒரு கதையை நான் கேட்டதே இல்லை. தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் படிப்பை முடித்துவிட்டு, கிடைத்த வேலையையும் உதறிவிட்டு, பொம்மை வரையப் போன மகள் என்று உன்னைப் பற்றி நான் குறை சொல்லாத இடம் இல்லை. கோவிலில், காப்பிக் கடையில், அந்த இடங்களில் எல்லாம் இந்தக் கதையையும் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமன் மகன் தர்மா காரில் எங்களை ஈப்போ டவுனுக்குப் படம் பார்க்க அழைத்துப் போனான். படம் தொடங்கியதுமே தாய்க்காரி சோறு போடுகிறாள். முடிவை ஏன் முதலில் காட்டுகிறான் என்று கேட்டேன், பேசாம பாருங்க மாமா என்றான். அந்தக் கிண்ணம் காலியாகும் முன்னே சிப்பாய்கள் உள்ளே வந்துவிட்டார்கள். தாயைக் கதவோடு சேர்த்துக் குத்தினார்கள். மகனுடைய காதை அறுத்து நாய்க்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு வெட்டு, வெட்டு, வெட்டு. மழையில் ஒருத்தன் கை தனியாக விழுகிறது, விழுந்த கை இன்னும் குடையை விடவில்லை. தலையில்லாத உடம்பு மூன்று எட்டு நடந்து கிணற்றில் விழுகிறது. உன் அம்மா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு முடிஞ்சிடுச்சா முடிஞ்சிடுச்சா என்று கேட்டபடி தர்மா வாங்கிய பொரியை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே தின்று தீர்த்துவிட்டாள். பயப்படாதீங்க அத்தை, பொம்மைப் படந்தானே லா என்றான் அவன். உங்க மவதானே இதெல்லாம் வரைஞ்சதுன்னு நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேப்பான், அப்பவும் பொம்மைன்னு சொல்லு என்றாள்.

கடைசியில் பாலத்துச் சண்டை வந்தது, நீ வரைந்தேன் என்று சொன்ன இடம். ஒற்றைக்காதன் எதிராளியின் வயிற்றைக் குறுக்கே கிழித்துவிட்டான். கிழிபட்டவன் கத்தவில்லை. குடலைக் கையில் ஏந்திக்கொண்டு குனிந்து பார்க்கிறான், பிறகு காலால் பலகையைத் துழாவுகிறான், கழன்று விழுந்த கட்டைச் செருப்பைத் தேடுகிறான். கொட்டகையே சிரித்தது. எனக்கு என் சின்னையா சித்தப்பாதான் தெரிந்தார். அவரை முதல் பந்தியில் யார் உட்காருவது என்ற பேச்சில் கல்யாணப் பந்தலிலேயே பாராங் கத்தியால் வெட்டினார்கள். வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, என் ஒரு செருப்பைக் காணோம்டா என்றார். பீடோர் ஆஸ்பத்திரிக்குப் போகிற லாரியில் என் மடியில் படுத்துக்கொண்டு அதையேதான் கேட்டார், பாதி வழியில் கேட்பதை நிறுத்திவிட்டார். நீ செருப்பை ஒழுங்காக வைக்காத நாளெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித்தான் உன்னை மிரட்டுவேன். அவ்வளவு தூரம் போய், அந்தக் காலை அப்படியே வரைந்து வைத்திருக்கிறாய். சிரிக்காதீங்கடா என்று நான் சொன்னது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது, முன்வரிசைச் சீனப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், தர்மா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான். படம் என்னுடைய முதல் பக்கத்தில் போய் நின்றது, பிணங்கள் மேல் அவன் தனியாக. பிறகு வரிசை வரிசையாகப் பெயர்கள் ஓடின. உன் பெயர் எந்த வரி என்று தெரியாததால் உன் அம்மா எல்லா வரியையும் கும்பிட்டாள்.

காரில் வரும்போதுதான் தர்மா சொன்னான், ஜப்பான் புத்தகத்தை வலது பக்கத்திலேருந்து படிக்கணும் மாமா, நீங்க முழுக் கதையையும் ரிவர்ஸ் கியர்லயே ஓட்டிட்டீங்க என்று. இனி காப்பிக் கடையில் என்ன சொல்லப் போறீங்க என்று சிரித்தான். சொன்னதையேதான் சொல்வேன் என்றேன். உன் அம்மா, போதும்ங்க, ரத்தத்திலேயே கிடக்கிறா, உடனே வரச் சொல்லி எழுதுங்க என்றாள்.

நீயும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாய். நீ போனது தப்பு என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் அதுதான் என் பேச்சு. ஆனால் இப்போது வராதே. பிணக்குவியல் மேல் ஒருத்தனை நிற்க வைத்துவிட்டுப் பாதியில் கிளம்பி வருவது நம் வீட்டில் வளர்ந்தவள் செய்கிற காரியம் இல்லை. கையெழுத்துப் போடு. இரண்டாம் பாகத்தில் செத்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள், தாயும் இருக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் வீட்டுக்கு வர வேண்டும். கதை எழுதுறவன் வேற மாமா, ஷர்மினி வெறும் கை கால் வரையறவ என்கிறான் தர்மா. கால் வரைகிறவள்தானே நடக்க வைக்கிறாள் என்றேன். உன் மேலதிகாரிகளிடம் சொல், கேட்காவிட்டால் திரும்பச் சொல்.

குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. அம்மா அனுப்பும் மிளகாய்த்தூளை யாருக்கும் பங்கு வைக்காதே. நீண்ட ஆயுளும் நல்ல கண்பார்வையும் உனக்கு இருக்கட்டும். அவனை வாசல்வரை நடத்திக் கொண்டுவா, இரண்டு செருப்பையும் கழற்றி ஒழுங்காக வைக்க வை, அவன் உட்கார்ந்த பிறகு நீ கிளம்பி வா. சோற்றை இங்கே உன் அம்மா போடுவாள்.

இப்படிக்கு,
புத்தகத்தைச் சரியான பக்கத்திலிருந்தே படித்த
உன் அப்பா அர்ச்சுனன்