வெட்டாத புதர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மா நலம், நானும் நலம் என்று எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும்.

நேற்று சாலைப் பொறியாளர் வந்து, நம் இரண்டு வயலுக்கும் நடுவே குளத்திலிருந்து காடு வரை போகிற புதர் வரிசையில் பதினொரு முளை அடித்துச் சிவப்புப் பெயின்ட் பூசிவிட்டுப் போனார். புதுச் சாலை அதன் மேலேதானாம். பல்கலைக்கழக வரைபடத்தில் இது வெறும் தரை பெரியவரே, இப்போது நிற்பது வெட்டினபின் முளைத்த களை என்றார். இரண்டு ஆள் உயரம் நிற்கிறது, களையாம்! வரைபடத்தின் மூலையில், வரைந்தவள் என்று உன் பெயர். உன்னைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மா குறுக்கே வந்து, போன வருஷம் வேரோடு வெட்டிவிட்டேன் என்று போனில் அவளிடம் சொன்னது நீங்கள்தானே என்றாள். சொன்னேன்தான். வெட்டாதீங்கப்பா, அது விலங்குகள் போகிற வழித்தடம் என்று நீ எனக்கே பாடம் எடுத்தாய், முப்பது வருஷமாக அதில் அரிவாள் வைக்காதவனுக்கு. ரோஷத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பேராசிரியரையே ஆயிரம் கேள்வி கேட்கிறவள், அப்பா சொன்னால் சரி என்று செயற்கைக்கோள் படத்தைக்கூடப் பார்க்காமல் வரைபடத்தில் அந்தப் பச்சைக் கோட்டை அழித்திருக்கிறாய். என்னை மட்டும் ஏன் நம்பினாய்?

நீ விட்டுப்போன இயற்கைப் பாடப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். அதன்படி புதர் இடைவெளியில் மாலையில் மணலைச் சலித்துப் போட்டு, காலையில் கால்தடம் பார்த்துக் குறித்துவருகிறேன், பதினான்கு மாதமாக. முயல், நரி, முள்ளம்பன்றி எல்லாம் தேதியோடு இருக்கிறது. இரண்டு நோட்டும் இதோடு வருகின்றன. பிழை இருந்தால் திருத்திக்கொள், என்னிடம் சொல்லாதே.

இருபதாம் தேதிதான் ஆட்சேபணைக்குக் கடைசி நாள். அதற்குள் வரைபடம் தவறு என்று நீயே எழுதிக் கொடுக்க வேண்டும். உன் பட்டத்துக்கு ஆபத்து வருமோ என்று அம்மாவுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. எனக்கும்தான். மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன், எதிர்பார்க்காதே. ஆனால் பொய் சொன்னவன் நான் என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நோட்டுக்குள் இருக்கிறது. பேராசிரியரிடம் காட்டு, பொறியாளரிடமும் காட்டு. அம்மாவிடம் மட்டும் காட்டாதே.

நூறு வருஷம் நன்றாக இரு. தேதியை மறக்காதே, இருபது.

இப்படிக்கு,
ஒரு செடியும் வெட்டாத
உன் அப்பா