கறுப்புக் கான்டெசா மெருகேறிய படலம்

ஜனவரி 5, திங்கள்

காலையில் புட்டும் கடலையும் தொண்டையில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே என் மானத்தின் மேல் கை வைக்க ஆள் வந்தாயிற்று. வந்தவள் என் தங்கை சோசம்மாவின் மகள் ட்ரீஸா. இந்த மாதம் இருபத்துநாலு, சனிக்கிழமை, அவளுக்குக் கல்யாணம். எங்கள் குடும்பத்தில் மணப்பெண் அம்மாச்சன், அதாவது தாய்மாமன், வண்டியில்தான் சர்ச்சுக்குப் போவாள். ஏவாள் ஒருத்திதான் விதிவிலக்கு. அவளுக்கு மாமன் இல்லை.

இப்போது இவள் சொல்கிறாள், அவளுடைய அப்பாவின் தம்பி பாப்பச்சன் தன் புது வெள்ளை ஜெர்மன் காரைத் தருகிறானாம். உள்ளே ஏறுகிறவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்கிறானே, அந்த வண்டி.

"உங்க கான்டெசா காரப் பாத்தேன் அம்மாச்சா. பாலா டவுன்ல இருக்கிற பூனையெல்லாம் கூட்டம் போட்டு நகம் தீட்டின மாதிரி இருக்கு."

"அது பரம்பரைக் கோடு மோளே."

"பரம்பரை என் வெள்ளைப் புடவையில ஒட்டும்."

வேறு யாராவது என்றால் பேசியே சமாளித்திருப்பேன். இவள் கொச்சியில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இடிபட்ட கார்களைப் பரிசோதிக்கிறவள். டார்ச்சை அடித்து, கார் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறாள். கண்ணுக்கு விடும் மருந்து அளவில் ஒரு குப்பியை மேசையில் வைத்தாள். செராமிக் கோட்டிங். பூசினால் பெயிண்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல் வருமாம். கூடவே எப்படிப் பூசுவதென்று அவள் கைப்பட எழுதிய தாள்.

நிபந்தனை: இருபத்திரண்டாம் தேதி டார்ச்சோடு வருவாள். கதவில் பார்த்துத் தன் புருவமுடியை அவள் எண்ண வேண்டும். ஒரு திட்டு தெரிந்தாலும் பாப்பச்சன் வண்டி.

சரி என்றேன். நான் யார்? முப்பது வருஷமாக அந்தக் கான்டெசாவைத் தவிர வேறொன்றிலும் ஏறாத குரியச்சன்.

(ஏலிக்குட்டி இதைப் படித்தால் பஸ்ஸை ஞாபகப்படுத்துவாள். ஏலிக்குட்டி என் மனைவி. என் சரித்திரத்தின் எதிர்க்கட்சி.)

ஜனவரி 6, செவ்வாய்

கழுவினேன். மீனச்சிலாற்றில் பாதி குறைந்திருக்கும்.

ட்ரீஸாவின் தாளில் ஒரு சோதனை. மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, கழுவின பெயிண்டைத் தடவிப் பார்க்க வேண்டும். வெறுங்கைக்கு வெண்ணெய். பைக்குள் விட்ட கைக்கு ஐயோ, ரவை. ஒரு கடற்கரையே என் பானெட்டின் மேல் குடியிருந்திருக்கிறது. பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத்தூளாம். அதற்கென்று ஒரு மருந்து அடித்தேன், வண்டி முழுக்க நாவற்பழச்சாறாக ஒழுகியது. ஏலிக்குட்டி அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இச்சாயா, வண்டி அழுவுது. விட்டுடுங்க."

வேலைக்குப் பாட்டு வேண்டும். சாவியை ஒரு சுற்று மட்டும் திருப்பி வண்டி ரேடியோவை வைத்துக்கொண்டேன். கோழி முட்டையிடவில்லை, ரேடியோவை நிறுத்து என்கிறாள். கோழிக்குச் சங்கீத ஞானம் போதாது.

ஜனவரி 8

கார் களிமண் என்று ஒன்று. சோப்புத் தண்ணீர் தெளித்து அதை உருட்டித் தேய்த்தால் ஒட்டியிருக்கும் தூளெல்லாம் அதில் வந்துவிடும். கீழே விழுந்தால் மறுபடி எடுக்காதே, தூக்கி எறி என்று தாளில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாள்.

விழுந்தது. எடுத்தேன்.

பின்கதவில் மூன்று புதுக் கோடு.

ஜனவரி 10, சனி

பாலிஷ் மெஷின். இரவல். ஓரங்களிலெல்லாம் டேப் ஒட்டி, வீரன் வாளை எடுப்பதுபோல எடுத்து, பானெட்டில் வைப்பதற்கு முன்பே சுவிட்சைப் போட்டுவிட்டேன். பாலிஷ் பறந்தது. முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த ஏலிக்குட்டியின் உணக்கமீன் அத்தனையும் பளபளக்கிறது. மீன் உயிரோடு இருந்தபோதுகூட அப்படி மின்னியிருக்காது. அவள் பேசியதை இங்கே எழுத முடியாது, பேனா கூசும்.

ஆனால் சாயங்காலம் — அடடா. கறுப்பு என்றால் என்னவென்று இன்றைக்குத்தான் கறுப்புக்கே தெரிந்தது. ஒரு காக்கை கதவில் தன்னைப் பார்த்துவிட்டு, இத்தனை அழகான காக்கையோடு சண்டை எதற்கு என்று பறந்துபோனது. என் கண்ணால் பார்த்தேன்.

ஜனவரி 12

பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடுமாம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் எண்ணெய் போய் உண்மை வெளியே வரும். துடைத்தேன். பானெட்டின் பாதிக் கோடு திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது, கடனுக்கு வந்த சொந்தக்காரன் மாதிரி. மறுபடி பாலிஷ். மறுபடி ஸ்பிரிட்.

ஏலிக்குட்டி மோப்பம் பிடித்தபடி வந்தாள். "இந்த நேரத்துலயா? குடிச்சது நீங்களா, வண்டியா?"

"வண்டிதான்."

"ஊதச் சொல்லுங்க."

ஜனவரி 13, செவ்வாய்

இன்று கோட்டிங் பூசிய திருநாள். துணியில் சில சொட்டு, ஒரு முழம் சதுரம் பூசு, எண்ணெய்ப் படலம்போல நிறம் ஓடும்போது துடை, இன்னொரு துணியால் மறுபடி துடை, பிறகுதான் அடுத்த சதுரம். அப்படித்தான் எழுதியிருந்தாள். சின்னச் சின்ன சதுரம் சின்ன மனிதர்களுக்கு. நான் பானெட், கூரை, இரண்டு கதவு, டிக்கி எல்லாவற்றையும் ஒரே வீச்சில் பூசிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து பாப்பச்சன் வந்தான். வெள்ளை வண்டியை எங்கள் பலாமரத்தடியில் நிறுத்தினான். மேலே பிசின் சொட்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. மனசுக்குள் தேன் ஓடியது.

"கிழட்டு எருமைக்கு எண்ணெய்க் குளியலா குரியச்சா?"

"உன் பால்குண்டானுக்கு இது புரியாதுடா."

கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிடிக் கொழுக்கட்டையும் கோழியுமா, அப்பமும் ஸ்டூவுமா என்று ஆரம்பித்தது. அவன் அப்பம். நான் விடுவேனா. என் வாதம் அபாரம். அவன் தோற்றுப் போனான்.

அவன் போன பிறகுதான் துணி ஞாபகம் வந்தது.

ஜனவரி 14

வெயிலில் பார்த்தேன். பானெட்டில், கூரையில், கதவில் — மண்ணெண்ணெய் கொட்டிய குட்டை மாதிரி வானவில் திட்டு. தேய்த்தேன். அசையவில்லை. நகத்தால் சுரண்டினேன். நகம்தான் போச்சு. இப்ப என்ன பண்றது? எவன்கிட்டப் போய்ச் சொல்றது? பாப்பச்சன் சிரிக்கிற சத்தம் இங்கயே கேக்குது.

ஜனவரி 15, வியாழன்

ட்ரீஸாவுக்கு போன் போட்டேன். எனக்காக இல்லை. ஒரு சிநேகிதனுக்காக.

"பூசினவன் துடைக்க மறந்துட்டான் மோளே. பாவம், படிக்காதவன்."

"பூசி ஒரு மணி நேரத்துக்குள்ளன்னா புதுசா ஒரு சொட்டு அது மேலயே விட்டா பழசு இளகிடும், துடைச்சிடலாம். எப்பப் பூசினாராம்?"

"முந்தாநாள்."

"அப்ப கல்லு. பாலிஷ் போட்டு அந்த இடத்த மொத்தமா எடுத்துட்டு, ஸ்பிரிட்ல துடைச்சு, முதல்லேருந்து பூசணும்."

"சிநேகிதன் அழுதுடுவான்."

"அழட்டும். கண்ணீர் மட்டும் அது மேல படாமப் பாத்துக்கச் சொல்லுங்க. பூசி ஒரு நாளைக்குத் தண்ணி ஆகாது." பிறகு, "அந்தச் சிநேகிதனுக்கு இன்னொரு குப்பி கூரியர்ல அனுப்பட்டுமா அம்மாச்சா?"

என் சிநேகிதனுக்கு மிகுந்த வெட்கம். அனுப்பச் சொன்னான்.

ஜனவரி 17, சனி

மூன்று நாள் பாலிஷ். தூங்கும்போதும் கை சுற்றுகிறது. சதுரம் சதுரமாக, வாயை மூடிக்கொண்டு, கேட்டையும் மூடிவிட்டுப் பூசினேன். கதவு, கூரை, டிக்கி முடிந்தது. ஈ வந்து உட்கார்ந்தால் வழுக்கி விழுகிறது. பானெட் மட்டும் பாக்கி. நாளை ஞாயிறு, ஏலிக்குட்டி துணியைத் தொட விடமாட்டாள். திங்கள்.

ஜனவரி 18, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் எங்கள் பங்குச் சாமியார் தொம்மனச்சன். பக்கத்தில் பாப்பச்சன். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அச்சோ, கல்யாணத்துக்கு வண்டி தயார். புது வண்டி மாதிரி இருக்கு" என்றேன். பாப்பச்சன் இளித்தான். "மாதிரி என்ன மாதிரி, புது வண்டியேதான்" என்றேன். அவன் இன்னும் இளித்தான். "இந்த ஜில்லாவுலயே இல்லாத வண்டி அச்சோ, நேத்துதான் வந்து எறங்கிச்சு" என்று முடித்தேன்.

அச்சன் முகம் மலர்ந்தது. நல்ல மனுஷர்.

ஜனவரி 19, திங்கள்

தவளை தன் வாயால் கெடும்.

காலையில் பானெட்டைப் பூசினேன். திட்டு இல்லை, கோடு இல்லை. சூரியனே குனிந்து தலைசீவிக்கொள்ளலாம். சாயங்காலம் குளித்துவிட்டு வருகிறேன், முற்றத்தில் தொம்மனச்சன், தோளில் ஊறாரா என்கிற பூசைப் பட்டை போட்டு, கையில் புனித நீர்ச் செம்பு. புது வண்டி வந்தால் மந்திரிக்க வேண்டாமா? ஏலிக்குட்டி தலையில் முந்தானையோடு பக்தியாக நிற்கிறாள்.

"அச்சோ, வேணாம், இன்னைக்குத் தண்ணி —"

"தாழ்மை நல்லதுதான் குரியச்சா. ஆனா ஆசீர்வாதத்த வேணாம்னு சொல்லக் கூடாது."

சிலுவை வடிவில் தெளித்தார். சாதாரணமாக நாலு சொட்டு போடுகிற மனுஷர், ஜில்லாவிலேயே இல்லாத வண்டி என்பதால் செம்பைக் கவிழ்த்தார். துண்டை எடுக்க ஓடினேன். ஏலிக்குட்டி கையைப் பிடித்துக்கொண்டாள். "புனித நீரத் துடைப்பீங்களா? தானா காயட்டும்."

தானாகக் காய்ந்தது.

ஜனவரி 20

பானெட்டில் வெள்ளைப் புள்ளிகளால் ஒரு சிலுவை. அழகாகத்தான் இருக்கிறது, அதுதான் கொடுமை. ஏலிக்குட்டியின் அலமாரியிலிருந்து வினிகரை எடுத்துத் தண்ணீரில் கலந்து துடைத்தேன். பாதி மங்கிற்று. வண்டி மாங்காய் ஊறுகாய் வாசனை அடிக்கிறது. மீதியை மெஷின் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

"சிலுவைய மெஷின வச்சு அழிப்பீங்களா? கல்யாண வண்டியில?" என்று குறுக்கே நிற்கிறாள்.

ஒரு பக்கம் நரகம். இன்னொரு பக்கம் பாப்பச்சன். நரகமாவது தூரத்தில் இருக்கிறது.

ஜனவரி 21, புதன்

அச்சனிடமே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், பழைய வண்டி என்பதையும். கேட்டுக்கொண்டே கட்டன் காப்பியைக் குடித்து முடித்தார்.

"ஆசீர்வாதம் பெயிண்டுல நிக்காதுடா. போய்த் தேய்." வாசல்வரைக்கும் வந்தார். "அந்தக் கான்டெசாவ உங்கப்பா வாங்கினப்பவும் நான்தான் தெளிச்சேன். நேத்து வந்து எறங்கினதா?"

தெரிந்தேதான் செம்பைக் கவிழ்த்திருக்கிறார்.

பாலிஷ், ஸ்பிரிட், கோட்டிங். கேட்டுக்குப் பூட்டு.

ஜனவரி 22, வியாழன்

வந்தாள். டார்ச்சை அடித்தபடி சுற்றினாள். படுத்துப் பார்த்தாள். கூரையை எட்டிப் பார்க்க ஸ்டூல் கேட்டாள். இத்தனை வருஷத்தில் என் இதயம் இப்படி அடித்ததில்லை. என்னைப் பெண் பார்க்க — சரி, நான் ஏலிக்குட்டியைப் பார்க்கப் போன அன்றுகூட.

பின்கதவில் நின்றாள். களிமண் விழுந்த கதவு.

"இங்க மூணு கோடு இருந்து, எடுத்திருக்கு."

"எப்படித் தெரியும்?"

"இந்த இடம் மட்டும் மத்ததவிட நல்லா இருக்கு. யாரோ பயந்து தேச்சிருக்காங்க." டார்ச்சை அணைத்தாள். கதவில் குனிந்து புருவத்தைத் தடவிக்கொண்டாள். "எண்ணியாச்சு. உங்க வண்டிதான்."

உள்ளே போகும்போது, "எனக்கு முதல்லேருந்தே இதுலதான் வரணும் அம்மாச்சா. சும்மா கேட்டிருந்தா நீங்க கழுவிக்கூட இருக்க மாட்டீங்க" என்றாள்.

நான் தும்மினேன். ஸ்பிரிட் வாடை கண்ணில் பட்டுவிட்டது.

ஜனவரி 24, சனி

பிற்கால மக்கள் அறியும்பொருட்டு.

சோசம்மா வீட்டு முற்றம். பூ ஒட்டவில்லை, ரிப்பன் கட்டவில்லை, நான் அனுமதிக்கவில்லை. நேற்று இறக்கத்திலேயே உருட்டி, இன்ஜினைத் தொந்தரவு செய்யாமல் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன், தூசி கிளம்பாதிருக்க. ட்ரீஸா வெள்ளைப் புடவையில் ஏறி உட்கார்ந்தாள். ஏறுவதற்கு முன்பே கதவில் தெரிந்த அவள் பிம்பத்தைப் போட்டோக்காரன் எடுத்திருந்தான். ஊரே பார்த்தது. பாப்பச்சனும் பார்த்தான். நான் சாவியைத் திருப்பினேன்.

டிக்.

மறுபடி. டிக்.

ரேடியோ. மூன்று வாரமாக ரேடியோ பேட்டரியைக் குடித்திருக்கிறது. கோழிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே.

"பரவால்ல, என் வண்டி நிக்குது" என்றான் பாப்பச்சன். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. சோசம்மா கதவைத் திறக்கப் போனாள். ட்ரீஸா உள்ளேயிருந்து பூட்டைப் போட்டாள்.

"நான் எறங்க மாட்டேன். தள்ளுங்க."

கேட்டு வரைக்கும் ஏற்றம், அதற்கப்புறம் சர்ச் வரைக்கும் இறக்கம். கோட்டும் சூட்டுமாகச் சொந்தக்காரர்கள் பின்னால் கூடினார்கள். கோட்டிங் மேல் வெறுங்கையா? டிக்கியிலிருந்து மைக்ரோஃபைபர் துணியை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, தள்ளுங்க என்றேன். வண்டி ஒரு அடி போனது. துணி வழுக்கி ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள். அத்தனை பிரமாதமாகப் பூசியிருக்கிறேன். ஈயே நிற்காத இடத்தில் மனுஷன் கை நிற்குமா? ட்ரீஸா பின்சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், கண் மை கரைகிறது.

கண்ணாடியில் பார்த்தேன். பாப்பச்சன் துணியை வீசி எறிந்தான். புது ஷூவைக் கழற்றினான். வெறுங்கால், வெறுங்கை, டிக்கியில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, "டேய் குரியச்சா, கிளட்ச்ச ஒழுங்கா விடுடா" என்று கத்திக்கொண்டு தள்ளினான்.

கேட்டில் இன்ஜின் பிடித்தது. புகையெல்லாம் அவன் சட்டையில்.

சர்ச் வாசலில் தொம்மனச்சன் பானெட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். செம்பு கையில் இல்லை.

பிடியும் கோழியும் இருந்தது. அப்பமும் இருந்தது.

ஜனவரி 26, திங்கள்

புது பேட்டரி போட்டாயிற்று. ட்ரீஸா கொச்சி போய்ச் சேர்ந்ததாக போன்.

வண்டியைத் துடைத்தேன். டிக்கியில் இரண்டு உள்ளங்கை, பத்து விரலும் தெளிவாக, மோதிரம் பட்ட இடத்தில் ஒரு சின்னக் கோடு. மற்ற இடமெல்லாம் துடைத்தாயிற்று.

சாயங்காலம் பாப்பச்சன் வந்தான். வழக்கம்போல வெள்ளை வண்டியைப் பலாமரத்தடியில் நிறுத்தினான். தள்ளி நிறுத்தச் சொன்னேன்.