இலவசப் பாலம்

ஈஸ்டன், பென்சில்வேனியா
அக்டோபர் 14, 2017

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில், இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரி அவர்களுக்கு என் பணிவான வணக்கம். உறைக்குள் கயிறு இல்லை, ரம்பம் இல்லை. ரம்பம் நான்தான். பக்கம் பக்கமாக அறுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி உனக்கு. நான் நலம். உதட்டுத் தையலைப் பிரித்துவிட்டார்கள். முன்பல் போன சந்தில் ஸ்ட்ரா அளவெடுத்ததுபோல் நுழைகிறது. வாயைத் திறக்காமலே மில்க்ஷேக் குடிக்கிறேன். கிரெட்டா சித்தி தன் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வந்து தங்கி, மூன்று வேளையும் பன்றிக்கறிக் களியை வறுத்துப் போடுகிறாள். ஜெயில் சாப்பாடு இதைவிட மோசமாக இருக்க வாய்ப்பே இல்லை. அவளிடம் சொல்லிவிடாதே.

உன் வக்கீல் பெல்லமி வந்திருந்தார். "நடந்தத நடந்தபடியே எழுதிக் குடும்மா. ஜோக்கெல்லாம் வேண்டாம்" என்றார். அது எனக்குக் கையில்லாமல் எழுதுகிற மாதிரி. அதனால் உனக்கே எழுதிப் பழகுகிறேன். நீயும் பாதியில்தானே வந்தாய்.

அன்று பள்ளி விட்டதும் வழக்கம்போல இலவசப் பாலத்தில் நடந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிலிப்ஸ்பர்க்கில் ஹாட் டாக் வாங்கப் போனேன். கடைக்குப் பக்கத்தில் டீனின் வண்டி நின்றது. உன் முன்னாள் கணவர் நம் இருவரையும் நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் எழுதிக் கொடுத்த தாள் நம் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. ஃப்ரிட்ஜ் இதுவரை நம்மை அடித்ததில்லை.

"என்னடி, அப்பாவுக்கு ஒரு ஹலோ கிடையாதா?"

"நீ மாற்றாந்தகப்பன்தானே? அதான் மாத்திட்டோம்" என்றேன்.

அவனுக்கு என் வாய் பிடிக்காது, உனக்குத் தெரியும். சட்டைத் தொப்பியின் கயிற்றைப் பிடித்து என் கழுத்தைச் சுற்றி முறுக்கினான். கண்ணுக்குள் கறுப்புப் பூச்சிகள் பறந்தன. வண்டிக் கதவில் என் முகத்தை மோதினான். பல் போனது. கத்தலாம் என்று வாயைத் திறந்தால் ரத்தம்தான் வந்தது. பாக்கெட்டுக்குள் கைவிட்டு, பார்க்காமலே உன் எண்ணை அழுத்தினேன். கணக்குப் பரீட்சையில் பழகிய கை. மறுபடியும் மோதினான்.

நீ பாலத்தில் ஓடி வந்தாய். ஒரு காலில்தான் செருப்பு. என்னைக் கீழே போட்டுவிட்டு அவன் டயர் கழற்றும் இரும்புக் கம்பியை எடுத்தான். அது உன் தோளில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுபடி ஓங்கினான். இந்த முறை உன் தலைக்கு. நீ சுட்டாய். அவன் தொடையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் கத்தி இறங்கிய பன்றி மாதிரி கத்தினான். என் முகமெல்லாம் ரத்தம். அதில் யாருடையது எவ்வளவு என்று தெரியவில்லை.

போலீஸ் வந்ததும் நீ கைகளைத் தூக்கினாய். ஒன்றுதான் மேலே போனது.

"துப்பாக்கி என்னோடது சார். மறைச்சு வெச்சிருக்க அனுமதி இருக்கு. பையில அட்டை இருக்கு, பாருங்க."

"மேடம், இது பென்சில்வேனியா அட்டை. நீங்க நிக்கிறது நியூ ஜெர்சி. இங்க இது செல்லாது."

அவன் ஆம்புலன்ஸில் போனான். நீ விலங்கோடு போனாய்.

அவ்வளவுதான். ஒன்றிரண்டு பேச்சை விட்டுவிட்டேன். முக்கியமில்லை.

துப்பாக்கிக்காரியின் துப்பு கெட்ட மகள்,
ட்விலா


அக்டோபர் 25

என் கண்ணு ட்விலா,

உன் கடிதத்தைக் கொண்டுவந்த அதிகாரி அம்மாள் உதட்டைக் கடித்தபடி நின்றாள். "இந்த ரம்பத்துக்கு என்ன வயசு?" என்றாள். பதினாறு என்றேன். "இத வெளிய விட்டுட்டு உங்கள உள்ள வெச்சிருக்காங்களே!" என்றாள். இங்கே வந்தபிறகு அன்றுதான் சிரித்தேன். சிரித்தால் தோள் வலிக்கிறது.

எலும்பு கூடிவருகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. நேற்று ஒருத்தி காலுறைக்குள் சோப்புக்கட்டியைப் போட்டுச் சுழற்றி, பக்கத்துக் கட்டில்காரியின் தாடையை உடைத்துவிட்டாள். காரணம் ஒரு தலையணை. நான் சுவரோரம் முதுகைக் கொடுத்துத் தூங்கப் பழகிக்கொண்டேன். டீனோடு இருந்தபோதே பாதி பழகியதுதான்.

பள்ளி முதல்வரின் காரை விற்பனைக்கு என்று நீ விளம்பரம் கொடுத்ததாகச் சித்தி சொன்னாள். நாற்பது பேர் அவர் வீட்டு வாசலில் நின்றார்களாமே. போய் மன்னிப்புக் கேள். விலையையாவது கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன். ஒன்றிரண்டு பேச்சை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். நீ பேச்சை விடுகிற பெண் இல்லை. டீன் என்ன சொன்னான்?

முத்தங்களுடன்,
அம்மா


நவம்பர் 9

அன்புள்ள அம்மா,

அதிகாரி அம்மாளுக்கு வணக்கம். உங்கள் பெயர் என்ன? நாம் மூன்று பேர் பேசும்போது ஒருவருக்கு மட்டும் பெயர் இல்லாமல் இருப்பது மரியாதையாக இல்லை.

அம்மா, பெல்லமி எல்லாவற்றையும் விளக்கினார். சுட்டதற்கு உன்மேல் வழக்கே இல்லையாம். தற்காப்பு என்று அரசு வக்கீலே ஒத்துக்கொண்டார். துப்பாக்கியை எடுத்து வந்ததற்குத்தான் வழக்கு. மூன்றரை வருடம். பாலத்துக்குப் பெயர் மட்டும் இலவசப் பாலம்!

யோசித்துப் பார். உன் ஓட்டுநர் உரிமம் அந்தப் பக்கம் செல்லும். டீனை விரட்டிய நீதிமன்ற ஆணை செல்லும். டீனைக் கட்டிக்கொண்ட கல்யாணச் சான்றிதழ் ஐம்பது மாநிலத்திலும் செல்லும். அவனிடமிருந்து தப்பிக்க வாங்கிய அட்டை மட்டும் பாதிப் பாலத்தில் இறங்கிக்கொள்ளும். மேற்கே ஒஹையோவுக்கு ஓடியிருந்தால் செல்லுமாம். அடுத்த முறை அவனை அந்தப் பக்கமாக நிற்கச் சொல்வோம்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. வெளிமாநில அனுமதி இங்கே செல்லாது என்று அறியாமல் கொண்டுவந்தவர்களை, சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் வீட்டுக்கு விடலாமாம். நீ தெரியாது என்று சொன்னால் போதும். நாலே எழுத்து. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பாய்.

குறுக்கே டீன் நிற்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டே வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். "அவளுக்கு எல்லாம் தெரியும். ஆத்தத் தாண்டி வேலைக்குப் போறப்பல்லாம் துப்பாக்கிய சமையலறை மாவு டப்பாவுல வெச்சுட்டுத்தான் போவா" என்றானாம். அதனால் என்னையும் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள்.

எனக்கு ஞாபகசக்தி அபாரம். மாவு டப்பாவில் மாவு மட்டும்தான் இருந்தது. எந்தப் புத்தகத்தின்மேல் வேண்டுமானாலும் கைவைத்துச் சொல்வேன்.

ராத்திரியில் கழுத்தில் கயிறு இறுகுகிற கனவு வருகிறது. எழுப்ப வந்த சித்தியைக் கடித்துவிட்டேன். பல் இல்லாத பக்கம், பிழைத்தாள்.

நீ கேட்டதற்குப் பதில்: டீன் முக்கியமாக ஒன்றும் சொல்லவில்லை.

உன்
ட்விலா


நவம்பர் 20

ட்விலா,

நிதானமாகப் படி. பிரித்துப் படிக்கும் அம்மாளும் நிதானமாகப் படிக்கட்டும். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அரசு வக்கீலுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மாவு டப்பாவில் துப்பாக்கி இருந்தது. முதியோர் இல்லத்து வேலைக்காகப் பாலம் தாண்டுவதற்கு முன், ஒவ்வொரு நாளும் நான்தான் அதை அங்கே வைத்தேன். அந்தப் பக்கம் என் அனுமதி செல்லாது என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அன்று தெரிந்தேதான் எடுத்துக்கொண்டு ஓடினேன். போனில் உன் தொண்டை எழுப்பிய அந்தச் சத்தத்தை நாளைக்குக் கேட்டாலும் எடுத்துக்கொண்டு ஓடுவேன். லோர்னா ஹெஸ் ஆகிய நான் சுயநினைவோடு எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

இனி நீ மறந்து பயனில்லை, கண்ணு.

கோபப்படு. ஆனால் இதைக் கேள். டீன் நம் வாசலுக்கு வராமல் ஏன் ஆற்றைத் தாண்டிப் போய் நின்றான்? நீ விழுங்கிய பேச்சு அதுதானே? அவன் அடிப்பதற்கு முன் ஏன் அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடிப்பவன். மூன்று வருடம் அவன் வாயைப் பார்த்தே நாள் ஓட்டியவள் நான். அதை நீ சொன்னால்தான் அவன் திட்டம் போட்டு வந்தது தெரியும். சொல்லாவிட்டால், "பேச வந்தேன், கோபத்தில் கை நீண்டது" என்பான். சீக்கிரமே வெளியே வருவான். நான் வீட்டில் இருப்பேன், அவன் தெருவில் இருப்பான். அடுத்த முறை கம்பி யார் தலையில் விழும்?

அதைச் சொல்லவும் மாவு டப்பாவை மறைக்கவும் ஒரே வாயால் முடியாது. உன் சாட்சியில் ஒரு சிறு ஓட்டை இருந்தால் போதும், அவன் அதன் வழியே வெளியே வருவான். அந்த ஓட்டையை நான் அடைத்துவிட்டேன்.

அம்மா


டிசம்பர் 2

லோர்னா ஹெஸ் அவர்களுக்கு,

நான் உன்னை வீட்டுக்குக் கூட்டி வரப் பார்த்தேன். நீ உள்ளே நின்றுகொண்டு கதவைத் தாழ்போட்டுவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

மாவு டப்பாவைச் சுவரில் எறிந்தேன். பிறகு தட்டுகளை. பிறகு சித்தி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கையைத் தட்டுச் சில்லு கிழித்திருக்கிறது. நான்தான் காரணம். நானும் டீன் மாதிரி ஆகிவிட்டேனா என்று கேட்க நீ இங்கே இல்லை.

இனி எழுதமாட்டேன்.

ட்விலா


ஜனவரி 18, 2018

கண்ணு,

மூன்றரை வருடம் என்று எழுதிவிட்டார்கள். நீதிபதி என் முகத்தைப் பார்க்காமல் படித்தார். அடுத்த மாதம் பெரிய சிறைக்கு மாற்றுவார்கள். விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது.

டீன் மாதிரி ஆகிவிட்டேனா என்று நீ கேட்காமல் விட்டதற்குப் பதில்: இல்லை. டீன் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

அதிகாரி அம்மாளின் பெயர் மேவிஸ். உன்னிடம் சொல்லச் சொன்னாள். தபால் வரும் நாளில் எல்லாம், "ரம்பம் இன்னிக்கும் இல்லையா?" என்று அவள்தான் முதலில் கேட்கிறாள். நான் அப்புறம்தான் கேட்கிறேன்.

பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. கழுத்துக்குச் சால்வை போட்டுக்கொண்டு போ.

அம்மா


மார்ச் 23

அன்புள்ள அம்மா,

புதுச் சிறையில் கடிதம் பிரிப்பவருக்கு வணக்கம். உங்கள் பெயரையும் சொல்லி அனுப்புங்கள். எங்களிடம் அது வழக்கம்.

நேற்று டீனின் வழக்கில் சாட்சி சொன்னேன். அவன் புது சூட் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு, தேவாலயத்துக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அரசு வக்கீல் கேட்டார்: "அவர் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

எனக்கு வாய் வறண்டது. அம்மா, என் வாய் வறண்டது! பிறகு சொன்னேன்.

"கயித்த முறுக்கிக்கிட்டே காதுல சொன்னான் சார். 'கூப்பிடுடி உங்கம்மாவ. அவ துப்பாக்கி மாவு டப்பாவுல தூங்கும். பாலத்துக்கு இந்தப் பக்கம் அவ வெறுங்கைதான். அதுக்குத்தான் ஒரு மாசமா இங்க வந்து நிக்கிறேன்'னு சொன்னான்."

டீனின் வக்கீல் துள்ளி எழுந்தார்.

"அப்படின்னா, அனுமதி செல்லாதுன்னு உங்கம்மாவுக்குத் தெரியும்!"

"தெரியும் சார். அவனுக்கும் தெரியும். அவன் அத நம்பி வந்தான். எங்கம்மா அத மீறி வந்தாங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். டீன் என்னைப் பார்த்தான், அந்தப் பழைய பார்வை. நான் சிரித்தேன். புதுப்பல் கட்டியாகிவிட்டது, முழுசாகச் சிரித்தேன். இன்று மதியம் ஜூரி தீர்ப்போடு வந்தது. எல்லாக் குற்றச்சாட்டிலும் குற்றவாளி. பத்து வருடத்துக்குக் குறையாது என்கிறார் பெல்லமி.

திரும்பும்போது இலவசப் பாலத்தில் நடந்தே வந்தேன். நடுவில் மாநில எல்லைத் தகடு இருக்கிறதே, அதன்மேல் ஆளுக்கொரு பக்கமாக இரண்டு காலையும் வைத்து நின்றேன். உன்மேல் கோபம் போய்விட்டதா என்று பார்த்தேன். ஒரு கால் போய்விட்டது என்றது. இன்னொன்று இல்லை என்றது. இரண்டையும் சேர்த்து வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தேன்.

சித்தி அந்த டப்பாவின் நெளிவைச் சுத்தியலால் தட்டி எடுத்து வைத்திருந்தாள். தழும்பு விழுந்த கையாலேயே இரவுக்கு அப்பம் சுட்டாள். நான்தான் மாவு அள்ளிக் கொடுத்தேன். டப்பாவின் அடிவரை கைவிட்டுத் துழாவிப் பார்த்தேன், அம்மா.

இப்போது மாவு மட்டும்தான் இருக்கிறது.

உன் ரம்பம்,
ட்விலா